சுவர் அசைகிறது என்கிறார் தம்பி: மாயத்தோற்றம் தரும் போதைப்பொருள்கள் மனத்தில் என்ன செய்கின்றன?

வியாசர்பாடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது இது. கல்லூரியில் படிக்கும் அவருடைய தம்பி, நண்பன் ஒருவனின் அறையில் 'ஸ்டாம்ப்' என்று சொல்லப்படும் எல்.எஸ்.டி. காகிதத் துண்டை நாக்கில் வைத்திருக்கிறார். அன்றிரவு முழுவதும் பயந்து அலறி, விடிந்த பிறகுதான் ஓய்ந்து தூங்கினார். மூன்று வாரம் கடந்தும் வெள்ளைச் சுவரை உற்றுப் பார்த்தால் அது மூச்சுவிடுவதுபோல் அசைகிறது என்கிறார். தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. பைக் கடந்து போனால் அதன் பின்னால் ஒளிக்கோடு இழுபடுகிறது. யாரோ ஏவல் வைத்துவிட்டார்கள், மந்திரிக்க வேண்டும் என்கிறார் அம்மா. மூளை கலங்கிவிட்டது, இனித் தேறமாட்டான் என்கிறார் மாமா. தம்பியோ, வெளிநாட்டில் இதையேதான் மருந்தாகக் கொடுக்கிறார்கள் என்று வாதாடுகிறார். யார் சொல்வது சரி?

மூவர் சொல்வதும் சரியில்லை. தம்பியின் வாதத்தில் மட்டும் கால்வாசி உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மருந்து எழுதுவது என் வேலையாக இருந்ததில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடமும் அண்ணியிடமும் பேசி, வீட்டில் உண்மையில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் சொல்வதுதான் வேலை. இல்லாத ஒன்றைப் பார்ப்பதாகச் சொல்லி யாரை அழைத்து வந்தாலும் நாங்கள் முதலில் அறிய விரும்பியது ஒன்றைத்தான்: தான் காண்பது நிஜமில்லை என்று அவருக்குத் தெரிகிறதா? அவர் எந்தப் பொருளைச் சாப்பிட்டார் என்பதைவிட இந்தக் கேள்விக்கான பதில் பல நேரங்களில் அதிகம் சொல்லும்.

உங்கள் தம்பி 'சுவர் அசைவதுபோல் தெரிகிறது' என்கிறார். 'சுவர் அசைகிறது, வெளியே ஓடுங்கள்' என்று சொல்லவில்லை. அவருடைய கண்ணில்தான் ஏதோ கோளாறு என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது. இது நல்ல அறிகுறி. மாமாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

இனி, அந்தக் காகிதம் செய்தது என்ன என்பதைப் பார்ப்போம். கண்ணில் படுவதை மூளை அப்படியே படம் பிடிப்பதில்லை. பெரம்பூரில் பேருந்துக்காக நிற்கிறீர்கள். தூரத்தில் வரும் வண்டியின் பலகை இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது. ஆனால் 29சி வருகிறது என்று மனம் சொல்லிவிடுகிறது. கிட்டே வந்த பிறகு அது வேறு எண்ணாக இருந்தால் திருத்திக்கொள்கிறோம். பார்வை முழுவதுமே ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது என்பது இன்றைய நரம்பியலில் வலுவாக இருக்கும் கருத்து. மூளை முன்கூட்டியே ஊகிக்கிறது, புலன்கள் அந்த ஊகத்தைத் திருத்துகின்றன. சுவரின் சின்னச் சின்னச் சொரசொரப்பையும், நம் கண்மணிகள் ஓயாமல் துடிக்கும் துடிப்பையும் மூளை கழித்துவிட்டு 'இது அசையாத சுவர்' என்று முடிவு செய்துகொடுப்பதால்தான் நமக்குச் சுவர் சும்மா நிற்கிறது.

எல்.எஸ்.டி., மேஜிக் காளானில் உள்ள சைலோசைபின், பெயோட்டி என்ற மெக்சிகோக் கள்ளியில் உள்ள மெஸ்கலின் ஆகிய மூன்றும் மூளையில் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. செரடோனின் என்ற வேதிப்பொருளுக்காக நரம்பணுக்களின் மேல் பல வகை ஏற்பிகள் உள்ளன. அவற்றில் 2ஏ என்ற வகை, மூளையின் மேலுறையான புறணியில் அடர்ந்திருக்கிறது. அந்த ஏற்பியை இந்தப் பொருள்கள் தூண்டும்போது, ஊகத்துக்கும் திருத்தத்துக்கும் இடையே இருந்த கட்டு தளர்கிறது. கழித்துவிட வேண்டியதை மூளை கழிப்பதில்லை. சுவர் நெளிகிறது, தரையின் கோலம் நகர்கிறது, கண்ணை மூடினாலும் வண்ணச் சித்திரங்கள் ஓடுகின்றன. 2ஏ ஏற்பியைத் தடுக்கும் கெட்டான்செரின் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் சைலோசைபினின் மாயத்தோற்றங்கள் வருவதில்லை என்று ஜூரிச்சில் இருந்த ஆய்வுக் குழு 1998-இல் காட்டியது. இது தெளிவான சான்று.

சைலோசைபினின் தாக்கம் 4 முதல் 6 மணி நேரத்தில் அடங்கிவிடும். எல்.எஸ்.டி. 8 முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும். ஏன் இவ்வளவு நேரம் என்பதற்கு 2017-இல் ஒரு விடை கிடைத்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த 2பி ஏற்பியில் எல்.எஸ்.டி. உட்கார்ந்திருப்பதைப் படிக வடிவில் படமெடுத்துப் பார்த்தபோது, ஏற்பியின் ஒரு பகுதி மூடிபோல் மடிந்து அதை உள்ளேயே அடைத்து வைத்திருந்தது தெரிந்தது. அடைபட்ட மூலக்கூறு வெளியே வர நேரமாகிறது. தம்பி விடியும்வரை தவித்ததற்குக் காரணம் இதுதான். வேறு எந்தச் சக்தியும் இல்லை.

கண்ணுக்குத் தெரிவதோடு இது நின்றுவிடுவதும் இல்லை. 'நான்' என்ற உணர்வும் மூளை கட்டிவைக்கும் ஓர் ஊகம்தான். சும்மா உட்கார்ந்து தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும்போது ஒத்திசைந்து இயங்கும் மூளைப் பகுதிகள் உள்ளன. அவற்றின் ஒத்திசைவு இந்தப் பொருள்களால் குலைவதை 2012 முதல் லண்டன் ஆய்வாளர்கள் ஸ்கேனில் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் குலைவு ஒருவருக்குப் பேரமைதியாகவும், இன்னொருவருக்குச் 'செத்துக்கொண்டிருக்கிறேன்' என்ற பீதியாகவும் வரும். ஒரே ஆளுக்கே ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டும் வரலாம். எது வரும் என்பது அவருடைய அன்றைய மனநிலையையும், இருக்கும் இடத்தையும், கூட இருப்பவர்களையும் பெரிதும் பொறுத்தது. பூட்டிய அறை, அலறவைக்கும் பாட்டு, கைப்பேசியில் படம் பிடித்துச் சிரிக்கும் நான்கு பேர்: இதைவிட மோசமான ஏற்பாட்டை நான் யோசித்தாலும் சொல்ல முடியாது.

அம்மாவுக்குச் சொல்ல ஒரு செய்தி வைத்திருக்கிறேன். எல்.எஸ்.டி.யைக் கண்டுபிடித்தவர் ஆல்பர்ட் ஹாஃப்மன், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சாண்டோஸ் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர். ரை தானியக் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சையிலிருந்து மருந்து தேடிக்கொண்டிருந்தார். (நம் கம்புப் பயிரில் வரும் தேன் ஒழுகல் நோய்க்கும் அதன் உறவுக்காரப் பூஞ்சைதான் காரணம்.) 1938-இல் எல்.எஸ்.டி.யைத் தயாரித்தார்; பயனில்லை என்று நிறுவனம் அதை ஒதுக்கிவைத்தது. 1943 ஏப்ரலில் மறுபடி தயாரித்தபோது சிறிதளவு தற்செயலாக உடலுக்குள் போய் மயக்கம்போல் ஏதோ செய்தது. ஏப்ரல் 19-ஆம் தேதி, என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று 250 மைக்ரோகிராம், அதாவது கால் மில்லிகிராம் உட்கொண்டார். மிகச் சிறிய அளவு என்று நினைத்துத்தான் எடுத்துக்கொண்டார். அது மிக அதிகம். உதவியாளர் துணையோடு சைக்கிளில் வீட்டுக்குப் போனார். நாற்காலி மேசையெல்லாம் மிரட்டின. பால் கொண்டுவந்து கொடுத்த அண்டை வீட்டுப் பெண்மணி, வண்ண முகமூடி போட்ட சூனியக்காரியாகத் தெரிந்தார். ஒரு பேய் தன் உடலிலும் மனத்திலும் புகுந்துவிட்டது என்றே அந்த வேதியியலாளர் நம்பினார். வந்து பார்த்த மருத்துவருக்குக் கண்மணி விரிந்திருந்ததைத் தவிர வேறு குறை எதுவும் தென்படவில்லை. மறுநாள் காலை தெளிந்துவிட்டார். 102 வயதுவரை வாழ்ந்து 2008-இல்தான் இறந்தார்.

ஏவல் என்று அம்மா சொல்வதை நான் கேலி செய்யமாட்டேன். பேய் புகுந்தது போன்ற உணர்வை அந்த மூலக்கூறு தருகிறது. ஆய்வகத்தில் அதை உருவாக்கியவருக்கே தந்திருக்கிறது. தம்பி அன்றிரவு என்னென்ன உளறினாரோ, அதற்கெல்லாம் எதிரி வீட்டில் காரணம் தேட வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது, வாங்கிய காகிதத்தில் இருந்தது எல்.எஸ்.டி.தான் என்ற அனுமானத்தில். அதற்கு உத்தரவாதம் கிடையாது. என்.பி.ஓ.எம்.இ. என்ற வகைச் செயற்கைப் பொருள்களை எல்.எஸ்.டி. என்ற பெயரில் இதே காகிதத்தில் விற்றதும், அதைச் சாப்பிட்டவர்கள் வலிப்பும் கடும் காய்ச்சலும் வந்து இறந்ததும் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. எல்.எஸ்.டி.யின் நஞ்சால் உடல் நேரடியாகச் சாவது மிக அரிது. இந்தப் போலிகளால் அப்படியல்ல. காகிதத்தில் அச்சிட்ட படத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

இப்போது எங்கள் பகுதியின் நிஜ நிலவரத்துக்கு வருகிறேன். மாயத்தோற்றம் என்று சொல்லி வடசென்னையில் மருத்துவமனைக்கு வருபவர்களில் ஸ்டாம்ப் போட்டவர்கள் சொற்பம். நான் அதிகம் பார்த்தது குடியை நிறுத்தியவர்களை. கவனியுங்கள், குடித்தவர்களை அல்ல, நிறுத்தியவர்களை. ஆண்டுக்கணக்காகத் தினமும் குடிக்கும் ஒருவர், மஞ்சள் காமாலையோ கையில் காசில்லாததோ மாலை போட்டதோ ஏதோ ஒரு காரணத்தால் சட்டென்று நிறுத்துகிறார். முதல் நாள் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தூக்கம் இல்லை. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் திடீரென்று சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், படுக்கையில் பாம்பு என்கிறார், காற்றில் எதையோ பிடித்துப் பிடித்துப் போடுகிறார். காசிமேட்டுக்காரர் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்தபடி மணிக்கணக்கில் இல்லாத வலையை இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று கேட்டால் தெரியாது. அவருக்கு அந்தப் பாம்பு நிஜம். உங்கள் தம்பிக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

மது பல ஆண்டுகளாக மூளையை அமுக்கிவைத்திருக்கிறது. அதை ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அமுக்கியதை ஒரே நாளில் எடுத்துவிட்டால் அந்தக் கிளர்ச்சி கட்டற்றுப் பொங்குகிறது. வலிப்பு வரும், காய்ச்சல் ஏறும், இதயம் தாறுமாறாக ஓடும். கவனிக்காமல் விட்டால் உயிர் போய்விடும். மருத்துவமனையில் லோரசெபாம், டயசெபாம் போன்ற மருந்துகளும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்தால் பெரும்பாலோர் சில நாட்களில் தெளிந்துவிடுவார்கள். ஆனால் இவர்களைத்தான் குடும்பங்கள் முதலில் மந்திரிக்க அழைத்துச் செல்கின்றன. தம்பிக்கு ஒரு நாள் தாமதமானால் பெரிய நட்டமில்லை; இவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் உயிர். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கில் டாஸ்மாக் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது, அதுவரை இதைப் பார்த்திராத வீடுகளும் பார்த்தன. தெருவில் யாருக்காவது இப்படி நடந்தால் 108-ஐ அழையுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஊமத்தை. ரயில் பாதை ஓரத்திலும் காலி மனைகளிலும் தானாக முளைத்துக் கிடக்கும் செடி. சிவனுக்கு உகந்த பூ என்று கோயில் வாசலில் விற்பார்கள். காசில்லாத பையன்கள் இதைத் தேடிப் போவதுண்டு. சின்னப் பிள்ளைகள் தெரியாமல் காயை உடைத்துத் தின்பதும் உண்டு. இயற்கையாகக் கிடைப்பதுதானே, எல்.எஸ்.டி. மாதிரி ரசாயனம் இல்லையே என்று என்னிடம் வாதாடியவர்கள் இருக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஊமத்தையில் இருப்பவை அட்ரோபின், ஸ்கோபாலமின், ஹயாசயமின் என்ற நஞ்சுகள். அவை செரடோனின் பக்கம் போவதில்லை. நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. வாய் வறண்டுவிடும், தோல் சிவந்து கொதிக்கும், வியர்வை நின்றுவிடும், சிறுநீர் இறங்காது, கண்மணி அகல விரிந்து பக்கத்தில் இருப்பதே தெரியாது. வராத விருந்தாளியோடு உட்கார்ந்து பேசுவார், இல்லாத பீடியைப் பற்றவைப்பார். அது மாயம் என்ற எண்ணம் ஒரு நொடியும் வராது. தெளிந்த பிறகு எதுவும் நினைவிருக்காது. ஒரே செடியில் ஒரு காய்க்கும் அடுத்த காய்க்கும் நஞ்சின் அளவு மாறும் என்பதால் 'கொஞ்சமாக' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊமத்தை தின்றுவிட்டார் என்று சந்தேகம் வந்தாலே உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். முடிந்தால் அந்தச் செடியின் ஒரு கிளையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எலுமிச்சைச் சாறு, மோர் என்று ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். நினைவு தடுமாறுபவருக்கு வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகர்ந்தாலும் உருவங்கள் தெரியும். அதில் இருக்கும் டொலுயீன் இதயத் துடிப்பைக் குலைப்பதால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அந்த இடத்திலேயே இறந்துபோகிறவர்கள் உண்டு. ஊரில் 'போதை மாத்திரை' என்று பேசப்படுகிற வலி நிவாரணி, தூக்க மாத்திரை வகைகள் மாயத்தோற்றத்துக்கானவை அல்ல. அவற்றின் ஆபத்து மூச்சு நின்றுபோவது. மெத்தாம்பெட்டமைன் என்ற கிளர்ச்சியூட்டும் போதைப்பொருளைத் தொடர்ந்து எடுப்பவருக்குத் தூக்கம் போய், எல்லோரும் தனக்கு எதிராகத் திட்டமிடுகிறார்கள் என்ற சந்தேகம் முற்றும். அவர் கிழமை, தேதியெல்லாம் சரியாகச் சொல்வார். அதனாலேயே வீட்டார் நோய் என்று எண்ணாமல் சண்டை என்று எண்ணுவார்கள்.

கஞ்சாவை மட்டும் அப்படிக் கடந்துபோக முடியாது. அது வெறும் இலை என்பதே பகுதிப் பையன்களின் பொது நம்பிக்கை. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நடந்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வு, வீரியமான கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனநோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு என்று கண்டது. எனக்கு இதில் வியப்பில்லை. எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாக்களில் எத்தனையோ பேர் சொன்ன கதை அதுதான்.

தம்பியிடம் திரும்புவோம். மூன்று வாரம் கழித்தும் ஏன் சுவர் அசைகிறது? எல்.எஸ்.டி. முதுகுத்தண்டில் தங்கிவிடும், கொழுப்பில் ஒளிந்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரத்தத்தில் அதன் அளவு சுமார் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஓரிரு நாளில் உடலை விட்டுப் போய்விடும். தங்கியிருப்பது பொருள் அல்ல, பார்வை மண்டலத்தில் அது விட்டுச்சென்ற தளர்ச்சி என்றே கருதப்படுகிறது. மருத்துவத்தில் இதற்கென்றே ஒரு நோய்ப்பெயர் இருக்கிறது: மாயத்தோற்றப் பொருளுக்குப் பின் நீடிக்கும் புலனுணர்வுக் கோளாறு. அசையும் பரப்பு, விளக்கைச் சுற்றி வளையம், நகர்வதன் பின்னால் கோடு, தொலைக்காட்சிப் புள்ளிகள்போல் கண்ணெங்கும் மினுமினுப்பு ஆகியவை இதன் வழக்கமான அடையாளங்கள். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதனோடு பொருந்துகிறது. ஆனால் பெயர் வைக்க வேண்டியவர் நேரில் பார்க்கும் மருத்துவர். ஒற்றைத் தலைவலி, வலிப்பு, கண்ணின் உட்திரைக் கோளாறு எதுவும் இல்லை என்பதையும் அவர் உறுதி செய்ய வேண்டும்.

பலருக்கு இது வாரங்களிலோ மாதங்களிலோ மங்கிவிடுகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிப்பதும் உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. கஞ்சா, தூக்கமின்மை, பதற்றம் மூன்றும் இதைக் கிளறிவிடும். சரியாகிவிட்டதா என்று மணிக்கொரு தரம் சுவரை உற்றுப் பார்ப்பதும் கிளறிவிடும். தம்பி அதைத்தான் செய்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். மனநோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்து இந்தக் கோளாறைச் சிலருக்கு அதிகமாக்கியதாகப் பதிவுகள் உள்ளன. எனவே பக்கத்துத் தெரு மருந்துக் கடையில் நிலைமையைச் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டியது வேறொன்றுக்கு. மனச்சிதைவு நோயும், அளவு மீறிய துள்ளலும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோயும் பெரும்பாலும் தலைகாட்டத் தொடங்குவது பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலும்தான், அதாவது ஸ்டாம்ப், கஞ்சா என்று சோதித்துப் பார்க்கும் அதே வயதில். உள்ளே வித்து இருந்தவருக்கு இந்தப் பொருள் அதைச் சீக்கிரம் முளைக்கவைத்துவிடலாம். ஆகவே குடும்பத்தில் விசாரியுங்கள். 'சாமியாராகப் போய்விட்டார்' என்று சொல்லி மூடப்பட்ட சித்தப்பா, 'கொஞ்சம் ஒரு மாதிரி' என்ற அத்தை, தற்கொலை செய்துகொண்ட தாத்தா: இவற்றை வீட்டில் யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள், கேட்க வேண்டும். தம்பியின் பேச்சு 'அசைவதுபோல் தெரிகிறது' என்பதிலிருந்து 'அசைகிறது' என்று மாறினால், யாரோ பின்தொடர்கிறார்கள் என்றால், ஆள் இல்லாமல் குரல் கேட்டால், தூங்காமலே நாள்கணக்கில் துள்ளலாக இருந்தால், சாகலாம் என்று பேசினால், அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.

இப்போது தம்பியின் வாதம். மருந்தாகக் கொடுக்கிறார்கள் என்பது பொய்யில்லை. சாண்டோஸ் நிறுவனமே 1947 முதல் டெலிசிட் என்ற பெயரில் எல்.எஸ்.டி.யை மனநல மருத்துவர்களுக்கு வழங்கி, 1965-இல் நிறுத்திக்கொண்டது. 1971-இல் ஐக்கிய நாடுகள் ஒப்பந்தம் அதைக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. 2000-க்குப் பிறகு ஆராய்ச்சி மீண்டும் தொடங்கியது. மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வுக்கு சைலோசைபினை, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் தரலாம் என்று ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் அனுமதித்திருக்கிறது. கெட்டமின் என்ற மயக்க மருந்தின் ஒரு வடிவத்தை மனச்சோர்வுக்கு அமெரிக்கா 2019-இல் ஏற்றது. ஆனால் அந்த ஆய்வுகளுக்குள் நுழைபவரின் குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அளவு மில்லிகிராம் கணக்கில் தெரியும். பயிற்சி பெற்ற இருவர் முழு நேரமும் பக்கத்தில் இருப்பார்கள். முன்னும் பின்னும் பல அமர்வுகள் பேச்சு சிகிச்சை நடக்கும். இவ்வளவு செய்தும் சிலருக்கு நிலைமை மோசமாவதை அவர்களே எழுதிவைக்கிறார்கள். நண்பன் அறையில் நடந்ததற்கும் இதற்கும் பொதுவாக இருப்பது மூலக்கூறின் பெயர் மட்டும், அதுவும் சந்தேகம்தான்.

தம்பிக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் எல்.எஸ்.டி.க்கு 'வணிக அளவு' என்பது 0.1 கிராம். அந்த அளவுக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு சிறை. ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். கலந்திருக்கும் பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. காகிதமும் எடையில் சேர்ந்தால், நண்பர்களுக்காக வாங்கி வைத்திருக்கும் சில துண்டுகளே ஒருவனை வியாபாரியின் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு ஆளானவர் போதை அடிமையாக இருந்து, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குத் தருகிறது. போலீஸ் பயத்தால் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் உண்மையை மறைத்தால் இழப்பு தம்பிக்குத்தான்.

எங்கே போவது? ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது; உங்கள் வீட்டுக்கு அதுதான் பக்கம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கும் போகலாம். 1794-இல் தொடங்கி, 1871 முதல் இப்போதைய இடத்தில் இயங்கும் மருத்துவமனை அது. கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறது இந்த ஊர். அந்த ஒரு வெட்கத்தால் வராமலே நோய் முற்றியவர்கள் ஏராளம். புறநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்தான் அங்கே அதிகம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நேரில் போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. போதைப் பழக்கம் தொடர்பாக 14446 என்ற எண் இருக்கிறது.

காலையில் சீக்கிரமாகப் போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை துண்டு எடுத்துக்கொண்டார். அதற்கு முன்னும் பின்னும் கஞ்சா, குடி உண்டா. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா. குடும்பத்தில் யாருக்கு என்ன இருந்தது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தம்பி மருத்துவரிடம் சிறிது நேரம் தனியாகப் பேசட்டும். உங்கள் எதிரில் சொல்லாதது சில இருக்கும். மாமாவை அழைத்துச் செல்ல வேண்டாம். அம்மா தாயத்துக் கட்ட விரும்பினால் கட்டட்டும், மருத்துவமனையில் யாரும் அதைக் கழற்றச் சொல்லமாட்டார்கள்.